தவக்காலத்து வெள்ளியில் ஒரு விருந்து

மட்டக்களப்பிலிருந்து வந்திருந்த மாக்ரெட்டும் அவள் கணவர் வலன்ரைனும் வெள்ளவத்தையில் அறையெடுத்துத் தங்கினர். இரவுணவை மட்டும் கடற்கரையோரத்துப் பெரிய ஹோட்டல்களில் உண்டனர். ஓய்வூதியக்காரருக்குப் பொருந்தாத ஆடம்பரந்தான். ஒவ்வோர் இரவும் மூவருக்கு மேசை ஒதுக்கப்பட்டது. முதலிரண்டு இரவுகளிலும் மூன்றாவது நாற்காலி வெறுமையாகவே இருந்தது.

அது கொட்டாஞ்சேனையில் வசிக்கும் மாக்ரெட்டின் அக்கா ஐறீனுக்குரியது. தாயாரை அடக்கஞ்செய்த அன்று, மாக்ரெட் சேமக்காலையிலிருந்து நேரே பஸ் நிலையத்துக்குப் போய்விட்டாள். அடக்கம் முடிந்து வருவோர்க்கென்று அக்கா சமைப்பித்து வைத்திருந்த சோற்றில் ஒரு பிடிகூட அவள் உண்ணவில்லை. அன்றுமுதல் ஐறீன் தொலைபேசியில் நலம் விசாரிப்பாள்; தங்கையோடு ஒரே மேசையில் உட்காரமாட்டாள். வரும் கிழமை அவள் மகளிடம் மெல்பேணுக்குக் குடிபெயர்கிறாள். அதற்குள் ஒரு வேளையாவது அக்காவோடு உண்டுவிட வேண்டும் என்பதே மாக்ரெட்டின் ஆசை. வீட்டுக்கு வரும்படி ஐறீன் சொல்லவில்லை. ஆகவே, மறுக்க மனம் வராத இடங்களாகத் தேர்ந்து தேர்ந்து மாக்ரெட் அழைத்தாள்.

"இண்டைக்கும் மச்சாள் வரமாட்டா," என்றார் வலன்ரைன், மூன்றாம் நாள் மாலை. "ஒவ்வொரு நாளும் கலியாண வீட்டுச் சாப்பாடு. எனக்கு ஒரு பிளேன்டீயும் ரெண்டு கிறீம் கிறேக்கரும் காணும்."

"வாறன் எண்டு சொன்னவ. சேட்டை மாத்துங்கோ," என்று மாக்ரெட் வேறொரு சட்டையை எடுத்து நீட்டினாள்.

அன்றிரவு ஐறீன் ஹோட்டலுக்கு வந்தாள். வந்து, தங்கைக்கு எதிரே அமர்ந்தாள்.

"மெலிஞ்சு போனாய்."

"மச்சாள், இவ்வளவு திண்டும் இவ மெலிஞ்சவ எண்டால் ஹோட்டல்காரன் அழுவான்," என்றார் வலன்ரைன்.

ஐறீனின் உதட்டோரம் சற்றே அசைந்தது. அவ்வேளையில், மாக்ரெட் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்த உணவு வந்தது. தணலில் வாட்டிய ஆட்டிறைச்சி.

ஐறீன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாக்ரெட், இண்டைக்கு என்ன கிழமை?"

அலைச்சலில் மாக்ரெட்டுக்குக் கிழமையே மறந்துவிட்டிருந்தது. வெள்ளி, அதுவும் தவக்காலத்து வெள்ளி. அவர்கள் குடும்பத்தில் எவரும் இறைச்சி தொடாத நாள். ஐறீனோ கோவிலில் சிலுவைப்பாதை முடித்துக்கொண்டு வந்திருந்தாள்.

"மல்லி, மாலு நெத்த?" தம்பி, மீன் இல்லையா என்று மாக்ரெட் பரிசாரகனைச் சிங்களத்தில் பதறிக் கேட்டாள். மீன் வர முக்கால் மணி நேரம் செல்லும் என்று அவன் பணிவுடன் சொன்னான்.

இனி எதையும் சீர்செய்யும் வலு அவளிடத்தில் இருக்கவில்லை. எழுந்து நின்றாள்.

"எல்லாம் பிழைச்சுப் போச்சு. நான் வேணுமெண்டு செய்யேல்லை அக்கா. வாங்கோ, போவம்."

"இரு," என்றாள் ஐறீன். "இண்டைக்கும் சாப்பிடாமலோ எழும்பப்போறாய்?"

மாக்ரெட் உட்கார்ந்தாள். ஐறீன் சிலுவை அடையாளமிட்டுக்கொண்டு, இறைச்சியில் ஒரு துண்டை வெட்டினாள்.

"அக்கா, வேண்டாம். பாவம் எல்லோ."

"நாளைக்குப் பாதரிட்டைப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போறன். நீ கூப்பிடக் கூப்பிட நான் வராமல் இருந்ததையும் சொல்லக் கிடக்கு. அதோடை இதையும் சேத்துச் சொல்லுறன்." துண்டை வாயிலிட்டு மென்றாள். "உப்புக் காணாது."

"அப்ப நானும் சாப்பிடலாமோ?" என்று வலன்ரைன் முட்கரண்டியை எடுத்தார்.

"நீங்கள் மீனுக்குச் சொல்லிப்போட்டு, அது வருமட்டும் பொறுங்கோ. ஒரு மேசைக்கு ரெண்டு பாவி காணும்."

மாக்ரெட்டுக்குப் பசி சிறிதும் இல்லை. முந்திய இரவுகளில் உண்ட வெண்ணெயும் பாலாடையும் நெஞ்சிலேயே நின்றன. அக்கா இரண்டாம் துண்டை வெட்டும்வரை பார்த்திருந்துவிட்டு, அவளும் ஒன்றை வெட்டி வாயிலிட்டாள். அதை விழுங்க நெடுநேரம் சென்றது.