முதல் வடி முனியாண்டிக்கு

“நான் ஒன்னு கேக்கணும்னு இருந்தேன்,” என்றாள் ரஞ்சிதம்.

“கேளேன். ஆனா மொதல்ல நான் சொல்றதக் கேட்டுக்கோ. இல்லன்னா மறந்துடுவேன்.”

“சரி, சொல்லுங்க.”

“ரிட்டையர் ஆன மனுசனுக்கு ஒரு ஹாபி வேணும். யூட்டியூப்ல சொல்றான். ஹாபி இல்லாதவன் சீக்கிரமா போய்ச் சேந்துடுறானாம்.”

“அப்ப கோழி வளங்க.”

“கோழி எப்படி ஹாபி ஆகும்? அது கோழி. நான் விஸ்கி செய்யப் போறேன்.”

“வீட்டுலயா?”

“வீட்டுலதான்லா. ஸ்காட்லாந்துல அப்படித்தான் ஆரம்பிச்சாங்களாம். அங்கயும் மலை, இங்கயும் மலை. அங்கயும் குளிரு, இங்கயும் குளிரு. நமக்கு என்னா கொறச்சல்? ம், நீ என்னமோ கேக்கணும்னியே?”

“ஒன்னுமில்ல. அப்புறம் கேக்குறேன்.”

எஸ்டேட்காரர்கள் இராமையாவுக்கு மாலை போட்டு, ஒரு சுவர்க்கடிகாரத்தையும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிய மாலையில் நடந்த பேச்சு அது. கடிகாரம் இன்னும் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. ரஞ்சிதத்தின் ‘அப்புறம்’ என்பதும் அதே மாதிரிதான் எங்கோ கட்டிவைத்துக் கிடந்தது. ஆனால் அந்தப் பேச்சு மட்டும் அவளுக்குச் சொல்லுக்குச் சொல் நினைவிருந்தது.

அவள் கேட்க நினைத்தது பெரிய விஷயமே இல்லை. தேயிலைத் தொழிற்சாலைக்கு மேலே, மலையின் நெற்றியில், சுற்றுலாப் பயணிகளுக்கென்று ஒரு கண்ணாடிக் கடை கட்டியிருந்தார்கள். அங்கே உட்கார்ந்தால் காலுக்குக் கீழே பச்சைச் சரிவு முழுதும் தெரியும். ரஞ்சிதம் கீழே பேக்கிங் அறையில் வேலை செய்தவள். தூளை நிரப்பி, ஒட்டி, அடுக்கும்போது ஜன்னல் வழியாக அந்தக் கடையைப் பார்ப்பாள். பெரும்பாலும் இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் கெண்டியைத் தூக்கி மற்றவருடைய கப்பில் ஊற்றுவார். அவ்வளவுதான் காட்சி. ஆனால் அதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் கை சற்று நின்றுபோகும். தன் வாழ்நாளெல்லாம் அவள் மற்றவர்களுக்குத் தேநீர் ஊற்றியிருக்கிறாள். அவளுக்கு யாரும் ஊற்றிக் கொடுத்தது கிடையாது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், தன் புருஷனோடு அங்கே போய் உட்கார வேண்டும்.

அந்தக் கடை திறந்த புதிதில் ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். “மேல டீ எப்படி இருக்கும்ங்க?” என்று மட்டும் கேட்டாள்.

“நம்ம வீட்டுல இல்லாத தேயிலையா?” என்று இராமையா சிரித்தார். சிரித்ததோடு விடவில்லை. பக்கத்து வீட்டிலும் எதிர் வீட்டிலும் போய் அதை ஒரு ஜோக்காகச் சொல்லிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்புதான் முந்திக்கொண்டு காதில் விழுந்தது.

இராமையா தொழிற்சாலையின் உலர்த்தும் பிரிவில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர். எஸ்டேட்டில் யார் எதைக் குடிக்கலாம் என்பது எழுதாத சட்டம். லைன் வீட்டுக்காரர்களுக்குச் சம்சு என்கிற நாட்டுச் சரக்கு, கணக்கெழுதும் கிராணிக்குப் பீர், துரைக்கு விஸ்கி. நாற்பது வயதில் சம்சுவிலிருந்து பீருக்குப் பதவி உயர்வு பெற்ற இராமையா, மிச்சமிருந்த ஒரே படியைத் தன் சொந்த முயற்சியால் ஏறிவிடத் தீர்மானித்திருந்தார். ஆகவே அந்த வீட்டில் ‘சம்சு’ என்ற சொல் தடை செய்யப்பட்டது.

“காச்சுறதுன்னு சொல்லாத. டிஸ்டில். சம்சுன்னா போலீஸ் புடிக்கும். ஹாபிய யாரு புடிப்பா?”

சட்டப் புத்தகத்தில் அப்படி ஒரு பக்கம் இருக்கிறதா என்று ரஞ்சிதத்துக்குத் தெரியாது. இராமையாவுக்கும் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும்.

அவருடைய குரு யூட்டியூபில் வரும் ஒரு தாடிக்கார அமெரிக்கர். விஸ்கிக்கு ‘மால்ட்’ வேண்டும் என்று அவர் சொன்னார். இராமையா ரிங்லெட்டிலுள்ள மளிகைக் கடையில் அலமாரி அலமாரியாகத் தேடினார். அந்தச் சொல் சத்துப்பான மைலோ டின்னில்தான் இருந்தது. முதல் முயற்சி மைலோவில் நடந்தது. விஸ்கி வரவில்லை, எறும்பு வந்தது. எஸ்டேட்டின் சகல பிரிவுகளிலிருந்தும் வந்தது. அடுத்த முறை தாடிக்காரரே மக்காச்சோளத்துக்கு அனுமதி கொடுத்ததால், கம்போங் ராஜா தோட்டங்களிலிருந்து சோளம் மூட்டையாக இறங்கியது.

வடிப்பதற்குப் பாத்திரம் வேண்டுமே. ரஞ்சிதத்தின் பெரிய குக்கர் போனது. அதன் மூடியில் செப்புக் குழாயைப் பொருத்தி, பச்சைத் தண்ணீர் வாளிக்குள் சுருட்டி இறக்கினார். வீட்டில் இட்லி நின்றுபோய், காலையில் பசியாறுவதற்குத் தினமும் ரொட்டி என்றானது. அடுத்ததாகக் கம்பளி போனது. சோளக் கூழ் ஊறும் பீப்பாய், அந்த நீலத் தோம்பு, கேமரன் மலைக் குளிரில் நுரைக்க மறுத்தது.

“தோம்புக்குக் குளிருது,” என்றார் இராமையா கவலையோடு.

கட்டிலில் இருந்த இருவருக்குமான கம்பளியை எடுத்துத் தோம்புக்குப் போர்த்தி, கயிறு கட்டி, காற்றுப் புகாமல் ஓரத்தைச் செருகிவிட்டார். ரஞ்சிதம் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு படுத்தாள். காலையில் எழுந்ததும் இராமையா தோம்பின் மேல் காதை வைத்துக் கேட்பார். “பேசுது,” என்று முகம் மலர்வார். கல்யாணமான புதிதில் அந்த முகத்தைத் தான் பார்த்திருப்பது ரஞ்சிதத்துக்கு நினைவு வரும். பக்கத்தில் போய் நின்று, “ஏங்க…” என்று தொடங்குவாள்.

“உஷ். பேசுது பாரு.”

வடிக்கும் நாளில்தான் முதல் சண்டை வந்தது. குழாயின் நுனியில் சொட்டு விழத் தொடங்கியதும், முதலில் வருவதைக் குடிக்கவே கூடாது, அது விஷம், கீழே ஊற்றிவிடுங்கள் என்று தாடிக்காரர் வீடியோவில் விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார். இராமையா அதை ஒரு சுத்தமான பாட்டிலில் பிடித்தார்.

“கீழ ஊத்தச் சொல்றாரே,” என்றாள் ரஞ்சிதம்.

“வெள்ளக்காரனுக்கு முனியாண்டி இல்ல. அதனால கீழ ஊத்துறான். நமக்கு மொத வடி சாமிக்கு.”

“வெஷத்தையா சாமிக்கு வைப்பாங்க?”

“சாமிக்கு வெஷம் ஏறுமா? சொல்லு. சாமி நெனச்சா ஏறுமா?”

 எஸ்டேட் எல்லையில் அரிவாளோடு உட்கார்ந்திருக்கும் முனியாண்டிக்குச் சுருட்டும் சரக்கும் வைப்பது எல்லோரும் செய்வதுதான். எந்த வீட்டிலும் முதல் காய், முதல் பழம், முதல் கொழுந்து அவருக்குத்தான். சாமிக்கு ஏறாது என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சாமி வாசனையை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடுவார். அந்த மிச்சத்தை அப்புறப்படுத்துவது பூசாரி சிவசாமியின் பொறுப்பு. தன் பொறுப்புகளிலேயே சிவசாமி ஒருநாளும் தவறாதது அது ஒன்றுதான்.

இராமையாவின் முதல் வடி வரத் தொடங்கியதிலிருந்து சிவசாமியின் அருள்வாக்கில் ஒரு புதிய வேகம் தென்பட்டது. முன்பெல்லாம் “எல்லாம் நல்லா நடக்கும்” என்பதோடு நிறுத்திக்கொள்ளும் சாமி, இப்போது உறுமியது, அழுதது, ஒரு வெள்ளிக்கிழமை மலாயில் பேசியது. சிவசாமிக்கு மலாய் நன்றாகவே தெரியும் என்பதை அந்த நேரத்தில் யாரும் பொருட்படுத்தவில்லை. ரிங்லெட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வாடகைக் காடி பிடித்து வந்தார்கள். ஒரு தடவை சாமி, இராமையாவைப் பார்த்து, “சரக்கு நல்லா இருக்குடா மவனே,” என்றது. இராமையா கண் கலங்கிவிட்டார். இதை எந்தத் துரையும் அவரிடம் சொன்னதில்லை.

“கேட்டியா? சாமியே சொல்லிட்டாரு,” என்று வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

“சாமி என்னைய ஒன்னும் கேக்கலியே,” என்றாள் ரஞ்சிதம்.

“உனக்கு என்னா கொற? இருந்தா நீயே போய்க் கேளேன், திருவிழா வருதுல்ல.”

அவள் யோசித்துப் பார்த்தாள். புருஷனிடம் கேட்க முடியாததைச் சாமியிடம் கேட்டால் என்ன? சாமி உத்தரவு போட்டால் இவர் சிரிக்க மாட்டார். அடுத்த வீட்டில் போய் ஜோக்காகவும் சொல்ல மாட்டார். திருவிழாவுக்கு என்ன சேலை கட்டுவது என்பதுவரை முடிவு செய்துவிட்டாள்.

திருவிழாவுக்காக இராமையா மூன்று தோம்பு ஊறப்போட்டார். வடி பெரிதானால் முதல் வடியும் பெரிதாகும் அல்லவா? முழுப் பாட்டில் நிரம்பியது. பழைய தேயிலைச் செடியின் கட்டையைச் சுட்டுப் போட்டு நிறம் ஏற்றி, மஞ்சள் துணி சுற்றி, மத்தியான பூசைக்குச் சாமி முன்னால் வைத்தார். திரை போட்டார்கள். திரை விலகியபோது பாட்டில் காலியாக இருந்தது. உறுமி முழங்க, சிவசாமி அருள் வந்து ஆடினார்.

வரிசையில் ரஞ்சிதத்தின் முறை வந்தது. கை கூப்பினாள். 

“கேளு தாயி. என்னா வேணும், கேளு,” என்றது சாமி.

“சாமி… எனக்கு வந்து…”

சிவசாமி அவளை உற்றுப் பார்த்தார். பிறகு அவள் தோளுக்குப் பக்கத்தில் உற்றுப் பார்த்தார். “ரெண்டு பேரு நிக்கிறீங்க,” என்றார்.

கூட்டம் சிலிர்த்தது. “கூட யாரோ நிக்கிறாங்களாம்,” என்று ஒருத்தி அழவே ஆரம்பித்துவிட்டாள்.

“நாலு பேரு,” என்றார் சிவசாமி. குரலில் இப்போது உறுமல் இல்லை, பயம் இருந்தது. “ரஞ்சிதக்கா, நெசமாத்தான் சொல்றேன். எல்லாம் வெள்ளையா தெரியுது. எனக்குக் கண்ணு சரியில்ல.” சொல்லிவிட்டு அவள் காலடியிலேயே சுருண்டு வாந்தி எடுத்தார். கூட்டம் அதற்கும் ஒரு கும்பிடு போட்டது. சாமி ரஞ்சிதத்தை ‘அக்கா’ என்று கூப்பிட்டதைக் கவனித்தவள் அவள் ஒருத்திதான்.

“காடிய எடுங்க,” என்று அவள் கத்தினாள்.

தானா ராத்தா மருத்துவமனையில், ஈப்போவிலிருந்து வந்திருந்த இளம் டாக்டர், சிவசாமியின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். “என்ன குடிச்சாரு?”

எல்லோரும் இராமையாவைப் பார்த்தார்கள்.

“ஹாபி, டாக்டர்,” என்றார் இராமையா.

“என்னது?”

“ஹாபி. நான் செய்யிறது.”

“அங்கிள், இவர் கண்ணு போயிடும்போல இருக்கு. அவர் வயித்துல இருக்கிறது என்ன?”

இராமையா மறுபடியும் ‘ஹாபி’ என்றுதான் வாயெடுத்தார். அந்தச் சொல் அவர் வாயில் வராது என்பது ரஞ்சிதத்துக்குத் தெரிந்தது. அவள் முன்னால் வந்தாள்.

“சம்சு, டாக்டர். வீட்டுல காச்சுனது. கீழ ஊத்த வேண்டிய மொத வடிய சாமிக்கு வெச்சாங்க. சாமி விட்டதெல்லாம் இவரு குடிச்சாரு. பல வாரமா குடிக்கிறாரு. இன்னைக்கு முழுப் பாட்டில்.”

டாக்டருக்கு அது போதுமாக இருந்தது. உள்ளே ஓட்டமும் நடையுமாக வேலை நடந்தது. மறுநாள் காலை, கண் தப்பித்துவிட்டது என்றார்கள். சிவசாமி கட்டிலில் படுத்தபடி விரல்களை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். இராமையாவைக் கண்டதும், “அண்ணே, சாமிக்கு இனிமே இளநி போதும்ணே,” என்றார். டாக்டர் இராமையாவைத் தனியே கூப்பிட்டு, இன்னொரு சொட்டு வடித்தால் தானே போலீசுக்குச் சொல்லிவிடுவதாகச் சொல்லி அனுப்பினாள்.

திரும்பும் வழியில் இராமையா காடியை மெதுவாக ஓட்டினார். வளைவுக்கு வளைவு தேயிலை வந்துகொண்டே இருந்தது.

“ஒரு டாக்டர் முன்னால சம்சுன்னு சொல்லிட்டியே, ரஞ்சி.”

“ஆமா.”

“விஸ்கின்னு சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருக்கலாம். சிவசாமி தம்பிக்குக் கண்ணு போயிருக்கும்.”

அவர் தலையாட்டினார். அடுத்த வளைவைத் திருப்பினார். பிறகு, “தோம்பையெல்லாம் கவுத்துடுறேன். கம்பளியத் தொவைச்சுத் தரேன். குக்கர நீயே எடுத்துக்கோ,” என்றார். “இனிமே நான் என்னா பண்றது, சொல்லு. ஹாபி இல்லாதவன்…”

 ரஞ்சிதம் நேற்றைய தன் குரலையே நினைத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் சொல்லவே கூடாத சொல்லை, முன்பின் தெரியாதவர்கள் நடுவில் உரக்கச் சொன்னாள். வானம் இடிந்து விழவில்லை. இவரும் சிரிக்கவில்லை.

தார்ச் சடக்கு இரண்டாகப் பிரியும் இடம் வந்தது. கீழே போனால் வீடு. மேலே போகும் பாதையின் முனையில், ஆவி பறக்கும் கப் வரைந்த பலகை நின்றது.

“காடிய நிப்பாட்டுங்க.”

இராமையா பதறிப்போய் ஓரங்கட்டினார். “என்னா, வாந்தி வருதா?”

“இல்ல. ஒன்னு கேக்கணும்.”

“வீட்டுல போய்…”

“இல்ல, இப்பவே. நீங்க மொதல்ல எதுவும் சொல்லாதீங்க.” அவள் சேலைத் தலைப்பை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “நம்ம வீட்டுல இல்லாத தேயிலையான்னு மட்டும் சொன்னீங்க, நான் இங்கயே எறங்கி நடந்துடுவேன்.”

இராமையா திறந்த வாயை மூடிக்கொண்டார். பலகையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். இன்ஜினை அணைத்தார்.

“என்னைய அந்தக் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிட்டுப் போங்க,” என்றாள் ரஞ்சிதம். “எதுத்தாப்ல உக்காருங்க. கெண்டிய நீங்க தூக்கணும். மொத கப்ப எனக்கு ஊத்தணும்.”