நாலு குருசும் எல்சியின் சுண்டுவிரலும்

இக்னேசியஸ் 1967-இல் செத்துப்போனார். அவர் அடித்த செய்தி மட்டும் சாகவில்லை. திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் நான் அப்போது பியோன். கப்பல்களுக்குக் கம்பி வழியே செய்தி அடித்து அனுப்பும் டெலிபிரிண்டருக்குத் தாள் போடுவது என் வேலை. ஆகவே இதில் பொய் சொல்ல எனக்கு வழியில்லை.

அந்த இயந்திரத்துக்கு ஒரு சட்டம். நாலு கூட்டல் குறியைச் சேர்த்து அடித்தால் செய்தி முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். சிலுவை மாதிரி இருப்பதால் நாங்கள் அதைக் குருசு என்போம். செய்திக்குள்ளேயே குருசு வரவேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சாய்கோடு தட்டவேண்டும். சாய்கோட்டை இயந்திரம் விழுங்கிவிடும், தாளில் விழாது. 'இது முடிவில்லை, வெறும் மைதான்' என்று அதற்கு மட்டும் விளங்கும்.

இக்னேசியஸ் ஒரு நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு, செய்தி அடித்துக்கொண்டே கதிரையில் சரிந்தார். குருசு போடவில்லை; இயந்திரத்தின் கணக்கில் அவருடைய செய்தி இன்னும் முடியவில்லை. அடுத்த மாதம் அவருடைய மனைவி எல்சி அதே கதிரைக்கு வேலைக்கு வந்தார். அன்றிலிருந்து, கப்பல்களுக்குப் போன ஒவ்வொரு செய்தியின் வாலிலும் எல்சி அடிக்காத ஒரு தமிழ் வரி, ஆங்கில எழுத்தில், ஒட்டிக்கொண்டது. தேயிலை ஏற்ற வந்த கிரேக்கக் கப்டன் ஆள் வைத்து வாசித்துப்போட்டு, எல்சியின் வீடு இருக்கும் பாலையூற்றில் மழையென்றால் தான் ஏன் கொடியிலிருந்து உடுப்பு எடுக்கவேண்டும் என்று கேட்டு அனுப்பினார்.

மேலாளர் தவராசா வந்து எல்சியின் பின்னால் நின்றார்.

"இண்டைக்கு நாலு குருசையும் போட்டு முடியுங்கோ. இல்லாட்டி மெசினைக் கழட்டி அனுப்பிப்போடுவன்."

"முடிச்சா அவர் பிறகு கதைக்கமாட்டார், சேர்."

"உங்கட மனுசன் உயிரோட இருக்கேக்கையும் ஒரு வேலையையும் முடிச்சுத் தந்ததில்லை. செத்த பிறகாவது முடிப்பம்."

எல்சி என்னைப் பார்த்தார். அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் என்னைக் கூப்பிடுவார். "அபூதாஹிர் நானா, தாள் இருக்கே?"

"ஓம் தங்கச்சி, தாராளமாக் காணும்."

'இனிக் கப்பல்காரருக்கு எழுதாதேங்கோ' என்று அடித்தார். பிறகு குருசு. ஒவ்வொரு குருசுக்கும் முன்னால் அவருடைய சுண்டுவிரல் ஒருதரம் தாழ்ந்தது. தவராசா தாளைப் பார்த்தார். நான் விரலைப் பார்த்தேன்.

மறுநாளிலிருந்து கப்பல் செய்திகள் சுத்தமாகப் போயின. பகல் பன்னிரண்டு மணிக்கு, எல்சி சோற்றுப் பார்சலை அவிழ்க்கும்போது மட்டும், இயந்திரம் ஒருதரம் மணியடித்து ஒரு வரி தள்ளும்.

எழுபத்தொன்பதில் அதைக் களஞ்சிய அறைக்குத் தூக்கினோம். வயரை வெட்டியது நான்தான்; அந்த அறைக்கு இன்றுவரை காவலும் நான்தான்.

போன மாதம் எல்சியை அடக்கம் செய்தார்கள். மறுநாள் பன்னிரண்டு மணிக்குக் களஞ்சியத்துக்குள் மணி கேட்டது. போய்ப் பார்த்தேன். தாளில் இரண்டு வரி.

'மழை வருகுது, உடுப்பை எடும்.'

'எடுத்துப்போட்டன்.'

குருசு இல்லை. தாள் தீரும் தறுவாயில் இருந்தது. புதுச் சுருள் ஒன்று போட்டுவிட்டு வந்தேன்.