கேள்வி நேரத்தில் அக்கா

இரண்டு தேர்தலில் தோற்று மூன்றாவதில் ஜெயித்தவன் நான். முதல் இரண்டிலும் என் வாயே என்னைத் தோற்கடித்தது. மூன்றாவதை அக்கா ஜெயித்துக் கொடுத்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள் அவள். வீடு வீடாகப் போய், "என் தம்பி பாலம் கட்டித் தருவான், அதுக்கு நான் பொறுப்பு" என்று ஓட்டுக் கேட்டாள். அக்கரையில் நின்றால் பெரிய ஆஸ்பத்திரி கண்ணெதிரே தெரியும். போய்ச் சேரத்தான் உலகத்தைச் சுற்ற வேண்டும். அத்தானை அப்படிச் சுற்றிக் கொண்டுபோகிற வழியில், வண்டியிலேயே பறிகொடுத்தாள். அதனால் அவள் பேச்சை அங்கே யாரும் சந்தேகப்படவில்லை.

பதவிக்காலம் முடியப்போகிறது, பாலம் வரவில்லை. நாங்கள் எதிர்க்கட்சி. எத்தனை மனு கொடுத்தாலும் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வரும். டீக்கடையில் எனக்கே 'பாலம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "பாலம் வர்றாருப்பா, ஒதுங்கி நில்லுங்க!" சிரித்துக்கொண்டே கும்பிடுவேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

சட்டசபையில் கேள்வி நேரத்தில் கேட்டால் அமைச்சர் எழுந்து பதில் சொல்லியாக வேண்டும். அது அவைக்குறிப்பில் ஏறிவிடும், பிறகு மழுப்ப முடியாது. ஆனால் யாருடைய கேள்வி வரும் என்பது குலுக்கல். ஒவ்வொரு கூட்டத்தொடருக்கும் எழுதிப் போட்டு அலுத்துப்போன பிறகு, தேர்தலுக்கு முந்தைய கடைசித் தொடரில் என் கேள்வி விழுந்தது. அக்காவுக்கு ஃபோன் செய்தேன். அடித்துப் பிடித்து வந்து பார்வையாளர் மாடத்தில் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு முந்தைய கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு அமைச்சர் போகிறபோக்கில் எங்கள் தலைவரைப் பார்த்து, "தூங்கி எழுந்தவங்களுக்கு இது புரியாது" என்றார். தலைவர் உண்மையிலேயே தூங்கித்தான் எழுந்திருந்தார். அதனால்தான் சுருக்கென்று தைத்திருக்கும். "வெளிநடப்பு!" என்று கத்திக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எங்கள் வரிசை மொத்தமும் எழுந்தது. நான் மட்டும் காகிதத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். கட்சிக் கொறடா என் காதருகே குனிந்தார்.

"என்ன, கால் மரத்துப்போச்சா?"

"அடுத்தது என் கேள்விங்க. கேட்டுட்டு ஓடி வந்துடறேன்."

"தலைவரை அவமானப்படுத்தியிருக்காங்க, உங்களுக்குப் பாலம் கேக்குதா? சீட்டு யாருக்குன்னு இன்னும் முடிவாகல. பாத்துக்குங்க."

எழுந்து போனேன். மாடத்தை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. வெளியே கேமராக்களுக்கு முன்னால் தலைவர் பின்னே நின்று கையை உயர்த்திக் கோஷம் போட்டேன். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கொறடா மேல், தலைவரின் பாழாய்ப்போன தூக்கத்தின் மேல், சொன்னவுடன் எழுந்து நடந்த என் கால்கள் மேல்.

கூட்டம் கலைந்த பிறகு அக்கா படியிறங்கி வந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"உள்ள என்னக்கா ஆச்சு?"

"உன் பேரைக் கூப்பிட்டாங்க. நம்ம கேள்விக்கான அமைச்சர் பதிலைக் கையில வச்சுக்கிட்டு எழுந்தே நின்னுட்டாரு. இன்னொரு தடவை கூப்பிட்டாங்க."

"அப்புறம்?"

"நான் எழுந்துட்டேன்டா. பாலத்தைப் பத்தித்தானே, நான் கேக்கறேன்னு சொல்ல வாயைத் திறந்தேன். அதுக்குள்ள காவலாளி தோளைப் பிடிச்சு உக்கார வச்சுட்டாரு. உறுப்பினர் இல்லை, அடுத்த கேள்வின்னுட்டாங்க. அமைச்சரும் அந்தக் காகிதத்தை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டாரு."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தெருவே காத்துக்கிட்டிருக்கும். பஸ்ஸை விட்டு இறங்கினதும் என்ன சொன்னாங்கன்னு கேப்பாங்க. நான் என்னன்னு சொல்லட்டும், நீயே சொல்லு."