மரத்தவளையின் கால்

உப்புநீரில் அது சுருள் அவிழ்ந்துகொண்டிருக்கிறது, நூலைவிட மெல்லிய வெள்ளைப் புழு, செத்த பெருந்தவளையின் வயிற்றுக்குள் உயிரோடு இருந்தது, நான் லென்ஸில் கண்ணை வைத்திருக்கிறேன், பின்னால் லிவிங்ஸ்டன் அண்ணன், என்னைவிட மூத்த ஆராய்ச்சி மாணவர், ஏட்டி, ஒனக்குப் புழு பொறுக்கக் கை இருக்கு, பேரு வைக்க மூளை வேணும் பாத்துக்க, என்று சிரிக்கிறார், அந்தச் சிரிப்பு மூன்று மழைக்காலமாக என் பிடரியில் ஈரமாக ஒட்டியிருக்கிறது, பேச்சிப்பாறைச் சாலையில் ரப்பர் மரங்களுக்கு நடுவே வண்டி ஏறிச் செத்தவற்றை விடியலில் பொறுக்கியது நான், சொறித்தேரை, பொன்முதுகுத் தவளை, பேர் தெரியாத குட்டிகள், அறுத்தது நான், சீட்டு எழுதி ஒட்டியது நான், ஆய்வேடு அவருடையது, நன்றிப் பக்கத்தில் என் பெயர் ஜீப் டிரைவருக்கும் கீழே.

அன்று அந்தப் பெருந்தவளையின் இரைப்பையில் ஒரு கால் இருந்தது, விரல் நுனிகளில் வட்டத் தட்டுகள் கொண்ட சின்னஞ்சிறு கால், மரத்தவளையுடையது, பெருந்தவளை அதை விழுங்கியிருக்கிறது, புழு அந்த மரத்தவளையின் குடலில் வாழ்ந்த புழு, சொல்ல வாய் திறந்தேன், அதற்குள் அவர், பெருந்தவளையில இந்தப் புழுவ இதுவரை ஒருத்தனும் பாக்கலட்டி, நான்தான் மொதல்ல, என்றார், நான் என்றார், நான் வாயை மூடிக்கொண்டேன், காலை ஸ்பிரிட் குப்பியில் போட்டுப் பைக்குள் வைத்தேன், சீட்டில் இரைப்பை காலி என்று எழுதினேன், அவர் அதன்மேல் முந்நூறு பக்கம் கட்டட்டும் என்று காத்திருந்தேன், கனவுகளில் அந்தக் கால் என் பைக்குள் நடந்துகொண்டேயிருந்தது.

இன்று அவருக்கு வைவா, முன்வரிசையில் அவர் அம்மா, மடியில் முந்திரிக்கொத்து டப்பா, வெளியூர்த் தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்கிறார், இந்தப் பெருந்தவளை வேற தவளையத் தின்னு, அதோட வந்த புழுவா இருக்கலாமே, வயித்துல என்ன இருந்துச்சு, லிவிங்ஸ்டன் அண்ணன் என் பக்கம் திரும்புகிறார், முதல்முறையாகக் கெஞ்சுகிற குரல், ஏட்டி போய்ச் செல்லமாக, மக்களே, சொல்லு, காலியாத்தான இருந்துது.

குப்பியை மேசையில் வைக்கிறேன், தேர்வாளர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார், எத்தன நாளா உங்ககிட்ட இருக்கு, மூணு வருசமா சார், ஆய்வேட்டில் என் சீட்டின் படத்தைத் தொட்டு, அப்ப இதுல காலின்னு இருக்கறது யார் கையெழுத்தும்மா, டப்பாவைப் பிடித்த அம்மாவின் விரல்கள் வெளுக்கின்றன, எல்லாக் கண்களும் லென்ஸ்களாக என்மேல் குனிகின்றன, வாயெல்லாம் உப்பு, புரொஜெக்டரின் வெள்ளை வெளிச்சத்தில் நான் மெல்ல மெல்லச் சுருள் அவிழ்ந்துகொண்டிருக்கிறேன்.