காம்பு பத்திரம்

எங்கள் காய்கறிக் கடையில் கத்திரிக்காய் எடுப்பவர்கள் முதலில் பார்ப்பது காம்பைத்தான். பச்சையாக இருந்தால் கூடையில் விழும், கறுத்திருந்தால் என் மேல் ஒரு முறைப்பு விழும். அதனால் டாக்டரம்மா அந்த வார்த்தையைச் சொன்னபோது எனக்குக் கூச்சம் வரவில்லை. வீட்டுக்காரர்தான் சுவரில் இருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார். அது போன வருஷத்துக் காலண்டர்.

"இடது மார்புல கட்டி. தோலும் காம்பும் அப்படியே இருக்கட்டும். உள்ள இருக்கறதை முழுசா எடுத்துட்டு, அங்க சிலிகோன் பை வெச்சு உருவம் குடுத்துடலாம்," என்றார் டாக்டரம்மா. "ஆனா காம்புக்கு அடியில கொஞ்சம் சதை எடுத்து சோதனைக்கு அனுப்புவேன். அதுல புற்று இருந்தா காம்பையும் எடுக்கணும். உணர்ச்சி திரும்பும்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன்."

"இருந்தா போதும் டாக்டர்," என்றேன்.

வெளியே வந்ததும் வீட்டுக்காரர், "அது இருந்தே ஆகணுமா உனக்கு?" என்று இழுத்தார்.

"எது?"

"அதுதான்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மனிதர் அதற்கு வைத்த ஒரே பெயர் 'அது'.

நாத்தனாருக்கும் பிடிக்கவில்லை. "பிள்ளைங்களை வளத்து ஆளாக்கியாச்சு. இந்த வயசுல அது எதுக்கு அண்ணி?"

"உனக்கு இந்த வயசுல மூக்கு எதுக்கு?" என்றேன்.

அடுத்தவர் விஷயத்தில் நுழைக்கத்தான் என்று பதிலையும் நானே சொல்லியிருப்பேன், அதற்குள் அவள் அழுதுவிட்டாள். நியாயமாக அழ வேண்டியது நான். கட்டி ஒழியட்டும், சனியன். ஆனால் குளிக்கும்போது குனிந்தால் தெரிகிற அந்த ஒன்று எனக்கு வேண்டும். யாருக்குக் காட்ட என்று கேட்டால், எனக்குத்தான்.

மார்பு என்று சொல்ல வாய் வராமல், வீட்டுக்காரர் மார்க்கெட்டில் "நெஞ்சுல ஆபரேஷன்" என்று சொல்லி வைத்தார். மார்க்கெட் மொத்தமும் எனக்கு இதயம் பழுது என்று முடிவு கட்டியது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தால், எதிர்க்கடை வெங்காயக்காரர் வந்து உட்கார்ந்து, உப்பைக் குறைக்கணும், மாடி ஏறக் கூடாது, கோபப்படக் கூடாது என்று புத்தி சொன்னார். அந்தக் கடைசி ஒன்றில்தான் எனக்குக் கோபம் வந்தது. விலாவிலிருந்து தொங்கிய வடிகுழாயைத் துண்டால் மூடிக்கொண்டு தலையாட்டினேன்.

கட்டைப் பிரித்தபோது காம்பு இருந்தது. தொட்டுப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரியைத் தொட்ட மாதிரி இருந்தது. ஆனாலும் இருந்தது. சோதனை முடிவுதான் வரவில்லை. என்னைவிட வீட்டுக்காரர் மோசம். கடையில் ஒவ்வொரு கத்திரிக்காயாக எடுத்துக் காம்பையே பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று நாத்தனார் வந்து சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் அவர் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். அவருக்குக் கை எப்போதும் ஈரம், போனைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்து ஸ்பீக்கரில்தான் பேசுவார். அன்றைக்கும் நல்ல வியாபார நேரத்தில் அப்படித்தான் கூப்பிட்டார்.

"டாக்டரம்மா பேசினாங்க." தராசில் எடைக்கல் விழும் சத்தம் கேட்டது.

"சொல்லித் தொலைங்க."

"அது சுத்தமா இருக்காம்."

"எது?" என்றேன். இந்த நேரத்திலும் 'அது' என்றால் மனுஷிக்கு என்ன புரியும்?

"காம்பு. காம்புக்கு அடியில ஒண்ணும் இல்லையாம். எடுக்க வேண்டாமாம்."

"அப்ப எனக்கு ஒரு கிலோ போடுங்க," என்று கடையில் யாரோ ஒரு பெண் குறுக்கே சொல்வது கேட்டது.

"நான் கத்திரிக்காயைச் சொல்லலம்மா," என்றார் வீட்டுக்காரர். "என் பொண்டாட்டியோட முலைக்காம்பு. மார்ல புத்து வந்துச்சு, எடுத்தாச்சு. காம்பு தப்பிச்சிருச்சு."

எதிர்க்கடையிலிருந்து வெங்காயக்காரர் குரல் வந்தது.

"அப்ப இதயம்?"

"அது எனக்குத்தாங்க நின்னு போயிருந்துச்சு," என்றார் வீட்டுக்காரர்.

சிரித்தேன், தையல் போட்ட இடம் சுரீரென்றது. அழுதேன், அங்கேயேதான் வலித்தது. ஸ்பீக்கரை அணைக்கச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.