கிளைடின் பங்கு

வெர்லனைப் போல் கறாரான வேட்டைக்காரன் ஆர்கன்சா மாநிலத்தின் அந்த வயல்காட்டுப் பக்கம் வேறு யாரும் இல்லை. நாளொன்றுக்கு ஆளுக்கு ஆறு வாத்து என்றால் ஆறுதான். ஏழாவது வாத்து தலைமேல் வந்து உட்கார்ந்தாலும் துப்பாக்கியைத் தொடமாட்டான். ஒரே ஒரு வாத்து அதிகம் சுட்டதற்காகச் சொந்த மச்சினனையே வேட்டைச் சட்டத்தைக் காக்கும் வார்டனிடம் மாட்டிவிட்டவன். அதை இன்றைக்கும் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அப்பேர்ப்பட்டவனுக்கு இந்த வேட்டைப் பருவம் முழுக்க ஒரே உறுத்தல். இருபது வருஷமாகக் கூடவே வேட்டைக்கு வரும் கிளைட், தன் வாத்துகளைத் திருடுகிறானோ?

நெல் அறுத்துத் தண்ணீர் கட்டிய வயலின் நடுவே, வாத்துகள் கண்ணில் படாதபடி நாணல் சார்த்தி மறைத்த பலகைக் கொட்டிலில் இருவரும் ஒட்டி உட்காருவார்கள். வாத்துக் கூட்டம் இறங்கியதும் சேர்ந்து எழுவார்கள். வெடிச்சத்தம் அடங்குவதற்குள் கிளைட், "அந்தப் பச்சைத்தலை வாத்து என்னோடது!" என்று கூவிவிடுவான். வெர்லன் குறிவைத்ததும் அதைத்தான். ஆனால் சுடும்போது எவன் பக்கத்து ஆளைப் பார்த்துக்கொண்டிருப்பான்? கேட்கவும் முடியவில்லை, விடவும் மனசு வரவில்லை.

போன வாரம் கொட்டிலைக் கூட்டும்போது இன்னொன்று கண்ணில் பட்டது. கீழே கிடந்த காலித் தோட்டாக்கள் எல்லாமே பச்சை, வெர்லனுடையவை. கிளைடின் சிவப்புத் தோட்டா ஒன்றுகூட இல்லை. பொறுக்கி ஒளிக்கிறானோ? எதற்கு? ஈயக் குண்டு போடுகிறானோ? ஈயத்தைத் தின்று வாத்துகள் சாகின்றன என்று தடை செய்த சரக்காயிற்றே!

இன்று காலை கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்தான். ஏழரை மணிக்கு ஒரு கூட்டம் இறங்கியது. ஒன்று விழுந்தது.

"அது என்னோடது!" என்றான் கிளைட். நாய் பெக்கி தண்ணீரில் பாய்ந்தது.

வெர்லன் சட்டென்று கையை நீட்டி கிளைடின் துப்பாக்கிக் குழலைப் பிடித்தான். ஜில்லென்று இருந்தது. பிடுங்கித் திறந்து பார்த்தான். உள்ளே ஒரு தோட்டாகூட இல்லை.

"என்னடா இது?"

கிளைட் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். "வலது கண்ணுல பாதி தெரியலடா. சுட்டா பெக்கி மேல பட்டுடுமோன்னு பயம். நவம்பர்ல பருவம் தொடங்கினதுலேருந்தே தோட்டா போடுறதில்ல."

வெர்லன் வாத்துகளைக் கோத்துத் தொங்கவிட்டிருந்த இரண்டு வார்களையும் பார்த்தான். தன் வாரில் ஐந்து, கிளைடின் வாரில் மூன்று, பெக்கி கொண்டுவரும் ஒன்று. ஒன்பது. ஒன்பதும் அவனே சுட்டவை. இன்று மட்டுமா? பருவம் முழுக்க!

"பாவி! அப்ப எதுக்குடா என்னோடது, என்னோடதுன்னு கத்தின?"

"ஆறு விழுந்ததும் நீ மூட்டையைக் கட்டிடுவ. அரை மணி நேரம் ஆயிருக்காது. அப்புறம் நான் வீட்டுக்குப் போயி சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காரணும். நாலஞ்சை நான் எடுத்துக்கிட்டா, ஒரு மணி நேரம் கூட இருப்ப."

வெர்லனுக்கு ஆத்திரம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. செல்போனை எடுத்து, மனப்பாடமாக இருந்த எண்ணை அழுத்தினான்.

"வார்டன் சார், இங்க ஒருத்தன் அளவுக்கு மேல சுட்டிருக்கான். பேரா? எழுதிக்குங்க. வெர்லன் ஹாஸ்கின்ஸ். ஆமா, நான்தான்."

"என் பேரையும் சொல்லுடா!" என்று கிளைட் அவன் கையைப் பிடித்தான். "பொய் சொன்னது நான்."

"சொல்றேன். அவர் வரட்டும்."

போனை வைத்துவிட்டு இரண்டு துப்பாக்கிகளையும் மூலையில் சாய்த்தான். ஃபிளாஸ்க்கைத் திறந்து, முதல் காபியைக் கிளைடின் கையில் கொடுத்தான்.

"எப்ப வர்றாராம்?" என்றான் கிளைட்.

"பத்து மணி ஆகுமாம். அதுவரைக்கும் இங்கதான் இருக்கணும்."