இரண்டு விரல் இடைவெளி

"இந்தச் சுவரை உடைங்கப்பா."

அப்பா தானே கட்டும் வீட்டில் எதையும் உடைக்கச் சொல்லாதே என்று அம்மா மகளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஆனால் மகளின் அறையில் ஜன்னல் சட்டம் நுழையவில்லை. சுற்றிலும் இரண்டு விரல் இடைவெளி விடாமல், சட்டத்தின் அளவுக்கே சுவரில் திறப்பை விட்டிருந்தார் அப்பா.

"பட்டம் வாங்கினதும் இன்ஜினியரம்மா ஆயிட்டாங்க!" என்றபடி அவர் இழைப்புளியால் சட்டத்தை இழைக்கத் தொடங்கினார்.

"சட்டம் மெலிஞ்சா கீல் எதுலப்பா நிக்கும்? தப்பு சுவர்லதான்."

"சுவர் நான் கட்டினது. வாயை மூடு."

வெளியூர் வேலைக்கான கடிதம் ஒரு வாரமாக அவள் பையில் கிடந்தது. போவதா, இந்த அறையில் இருப்பதா என்று தூக்கமில்லாமல் தவித்திருந்தாள். அவர் சட்டத்தைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தையும் இழைத்தார். அவள் பையை மாட்டிக்கொண்டு, மரச்சுருள்களை மிதித்தபடி வெளியே நடந்தாள்.